பதினொரு பைலும் ஒரு நைலான் கயிறும்

நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். அந்த ஐந்தாவதையும் முழுசாக முடிக்கவில்லை. ஆனால் எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து ராயபுரம் வரைக்கும் எந்தப் பெரிய ஷெட்டுக்குள் போய் நின்றாலும், அதைத் தாங்குகிற பைலில் ஒன்றாவது நான் போட்டதாக இருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். வெளியே தெரிகிற கட்டடத்துக்குக் கல்வெட்டு வைப்பார்கள். பூமிக்குள் நிற்கிற பைலுக்கு யார் வைப்பார்கள்? நானே சொல்லிக்கொண்டால்தான் உண்டு.

வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகிறது. போன மாதம் ஒரு பாலிடெக்னிக்கில் கூப்பிட்டு, சைட்டுக்கு டிரெய்னிங் போகப்போகிற சிவில் பிள்ளைகளிடம் பேசச் சொன்னார்கள். ஒன்றரை மணி நேரம் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். சால்வையெல்லாம் போட்டு முடிந்து, படியிறங்கும்போது ஒரு மாணவன் கேட்டான்: "அய்யா, நீங்க தப்பே பண்ணது இல்லியா?" மைக் கையில் இருந்திருந்தால் "இல்லை" என்றே சொல்லியிருப்பேன். மைக் இல்லாததால் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது கல்லூரி மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளைக்குச் சொல்லாமல் வந்த பதிலையே எழுதித் தருகிறேன். நான் சொல்லச் சொல்ல என் மகன் எழுதினான். கதை என்னுடையது.

பைல் என்றால் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. எங்கள் பக்கம் மேல்மண் எல்லாம் கடல் கொண்டுவந்து போட்ட மணலும் சேறும். அதன்மேல் கனமான எதையும் கட்ட முடியாது. அதனால் கெட்டி மண் வருகிற வரைக்கும் கிணறு மாதிரி ஆழமாகத் துளை போடுவோம். துளை சரிந்து விழாமல் இருக்க அதில் களிமண் கரைசலை நிரப்பி வைப்போம். உள்ளே கம்பிக்கூண்டை இறக்கி, பிறகு காங்கிரீட். இந்தக் காங்கிரீட் போடுவதில்தான் மேஸ்திரியின் உயிர் இருக்கிறது. மேலேயிருந்து கொட்ட முடியாது, கரைசலோடு கலந்து கெட்டுவிடும். மூன்று மூன்று மீட்டர் குழாய்களை ஒன்றோடொன்று முறுக்கி அடிவரைக்கும் இறக்கி, மேலே புனல் வைத்து, அதன் வழியாகக் கீழேயிருந்து நிரப்பிக்கொண்டு வரவேண்டும். காங்கிரீட் ஏற ஏறக் குழாயைத் தூக்கி, மேல் துண்டைக் கழற்றிக்கொண்டே வருவோம். அதைக் குழாய் அறுப்பது என்போம். குழாயின் வாய் எப்போதும் இரண்டு மீட்டராவது காங்கிரீட்டுக்குள் புதைந்திருக்க வேண்டும். அது ஒருமுறை வெளியே வந்துவிட்டால் நடுவில் சேறு புகுந்துவிடும். பைல் இரண்டு துண்டு. மேலேயிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பாரம் ஏறின பிறகுதான் தெரியும்.

நான் பதினாலு வயசில் துறைமுக வேலைக்கு ஜல்லி சுமக்கப் போனேன். புளியந்தோப்பிலிருந்து நடந்தே போவேன். ஆறு வருஷம் சுமந்தேன். அடுத்த நாலு வருஷம் குழாய் முறுக்கினேன். அப்புறம் என் மேஸ்திரி காய்ச்சலில் படுத்த ஒரு நாள், ஆழம் பார்க்கிற கயிறு என் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு அதை யாரும் என் கையிலிருந்து வாங்கவில்லை.

அந்தக் கயிற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். நுனியில் ஈயக்குண்டு, மீட்டருக்கு ஒரு அடையாளம். துளைக்குள் விட்டால் குண்டு காங்கிரீட்டின்மேல் உட்காரும். எத்தனை மீட்டரில் உட்கார்ந்தது என்று பார்த்தால், குழாய் எவ்வளவு புதைந்திருக்கிறது, எத்தனை துண்டு அறுக்கலாம் என்ற கணக்கு வந்துவிடும். இரும்பு டேப் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. உப்புக்காற்றில் நம்பர் அழிந்துபோகும். தவிர, டேப்புக்குக் கை கிடையாது. கயிறு பேசும். சேற்றில் உட்கார்ந்தால் குண்டு மெல்ல அமுங்கும். காங்கிரீட்டில் உட்கார்ந்தால் கல் தட்டும். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

காசிமேட்டில் அந்தோணி என்று எனக்கு ஒரு தோஸ்து. விசைப்படகு ஓட்டுகிறவன். என் முதல் கயிற்றைப் பார்த்துவிட்டுக் காறித் துப்பினான். "இன்னா மாமு இது? புதுக் கயித்துல அளவு போட்டுகினு கீற? கயிறுன்னா நீளும்டா. தண்ணில ஊறவுட்டு, கல்லு கட்டி நாலு நாள் தொங்கவுடு. அது நீள வேண்டியதெல்லாம் நீண்டு முடிக்கட்டும். அப்புறம் அளவு போடு. முடிச்சு கிடிச்சு போட்டுடாத. நூலைச் சுத்து. முடிச்சு இறுகினா அளவு கெட்டுப்பூடும்." கடலில் ஆழம் பார்க்கிறவன் சொன்னது. அப்படியே செய்தேன். அந்தக் கயிறு எனக்குப் பல வருஷம் உழைத்தது. என் கையில் ஒரு பைல்கூடத் தள்ளுபடி ஆனதில்லை. பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் மேற்பார்த்த சைட்டில் எல்லாம் பைல் தள்ளுபடி ஆகியிருக்கிறது. என்னுடையது ஆகவில்லை. சைட்டுக்குப் புதுசாக வருகிற ஒவ்வொருவரிடமும் இதை நான் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

கடைசி வேலை எண்ணூர்ப் பக்கம், ஒரு பெரிய கிடங்குக்கு. ரிட்டயர் ஆக நாலு மாசம் இருந்தது. அங்கே எனக்கு மேலே பாண்டியன் சார் என்று ஒரு என்ஜினியர், திருநெல்வேலிக்காரர். நான் எத்தனையோ என்ஜினியரைப் பார்த்திருக்கிறேன். கத்துவார்கள், ஹெல்மெட்டைத் தூக்கி எறிவார்கள். இவர் கத்தமாட்டார். எல்லோரையும் அண்ணாச்சி என்பார். டீ கொண்டுவருகிறவரும் அண்ணாச்சி, கம்பி கட்டுகிற பீகார்க்காரரும் அண்ணாச்சி. கோபம் வந்தால் ஒரே ஒரு மாற்றம்தான். அண்ணாச்சி போய் சார் ஆகிவிடும். "இந்தக் கம்பியை இப்படித்தான் கட்டுவீங்களா சார்?" என்று மெதுவாகக் கேட்பார். சார் ஆனவன் அன்றைக்குச் சோறு திங்கமாட்டான். அவரிடம் நான் ஒருநாளும் சார் ஆனதில்லை.

அங்கேதான் டிரெய்னிங்குக்கு நாலு மாணவர்கள் வந்தார்கள். மூன்று பையன்கள், ஒரு பெண். பெண் பெயர் பவித்ரா. வியாசர்பாடி. பையன்கள் மூவரும் ஹெல்மெட் போட்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது அவள் நோட்டை எடுத்து, எந்த லாரி எத்தனை மணிக்கு வந்தது, காங்கிரீட் எவ்வளவு ஏறியது, எத்தனை குழாய் அறுத்தோம் என்று எழுதிக்கொண்டிருந்தாள். முதல் நாளே இரண்டு டிரம் வைத்தேன். ஒன்றில் சேறு, ஒன்றில் ஜல்லி. கண்ணை மூடிக் குண்டை விடச் சொன்னேன். பையன்கள் தடவினார்கள். அவள் மூன்றாவது தடவையிலேயே சரியாகச் சொன்னாள். அன்றைக்கே கயிறு செய்கிற முறையையும் சொன்னேன். ஊறவைப்பது, நாலு நாள் தொங்கவிடுவது, முடிச்சுக்குப் பதில் நூல் சுற்றுவது, எல்லாம் அந்தோணி சொன்னபடி. அந்தோணி பெயரை மட்டும் சொல்லவில்லை.

ஒரு மாசம் போயிருக்கும். பழைய கயிறு, துளை வாயில் நிறுத்துகிற இரும்பு வளையமான கேசிங்கின் விளிம்பில் உரசி உரசி நைந்துபோனது. மறுநாள் பைல் போடவேண்டும். காலையில் கடையில் நைலான் கயிறு வாங்கிவந்து, மத்தியானமே அளந்து முடிச்சுப் போட்டுவிட்டேன். தொங்கவிடவில்லை. ஊறவைக்கவில்லை. நாலு நாள் யார் காத்திருப்பது? நைலான்தானே, அதுக்கு இன்னா ஆவப்போவுது என்று நினைத்தேன். நான் போட்ட முடிச்சு என்றால் அதுவே அளவு என்கிற அளவுக்கு எனக்குத் திமிர் ஏறியிருந்தது. அந்தக் கயிற்றை வைத்துப் பதினொரு பைல் போட்டேன்.

பன்னிரண்டாவது பைல் அன்றைக்கு இரண்டு லாரி காங்கிரீட் இறங்கியாயிற்று. மூன்றாவது லாரி வரவில்லை. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரைக்கும் கண்டெய்னர் வண்டிகள் வரிசை கட்டி நின்றுவிட்டன. அந்த வரிசை எங்கள் ஊருக்குப் புதுசில்லை. ஆனால் காங்கிரீட்டுக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு இறுகத் தொடங்கும். குழாய் உள்ளே ஆழமாகப் புதைந்திருந்தால் மாட்டிக்கொள்ளும். அப்போதும் பைல் போச்சு.

குழாயைத் தூக்கி இறக்குகிற விஞ்சை ஓட்டுகிற குமார் மேலேயிருந்து கத்தினான். "மாமு! ஒரு குழாயை அறுத்துவுடு. இறுகிட்டா என் விஞ்சு தூக்காது. அப்புறம் என்னியச் சொல்லாத!"

குண்டை விட்டேன். பதினாலாவது முடிச்சு. கணக்குப் போட்டேன். ஒரு துண்டு அறுத்தாலும் இரண்டு மீட்டருக்கு மேல் உள்ளே இருக்கும். "அறுடா" என்றேன்.

"அய்யா, ஒரு நிமிசம்" என்றாள் பவித்ரா.

"இன்னா இப்போ?"

"கயிறு நீண்டு கீதுய்யா."

குமார் மேலேயிருந்து சிரித்தான். "பொண்ணு மேஸ்திரிக்கே கிளாஸ் எடுக்குதுடோய்!"

அவள் என்னைத்தான் பார்த்தாள். "டீ டைம்ல டேப் புடிச்சுப் பாத்தேன். பத்து மீட்டர் இருக்க வேண்டிய இடத்துல பத்தரை கீது. மொத நாள் நீங்கதானே சொன்னீங்க, கல்லு கட்டி நாலு நாள் தொங்கவுட்டுட்டுத்தான் அளவு போடணும்னு. இந்தக் கயித்த அப்படிச் செய்யல. நான் பாத்துகினுதான் இருந்தேன்."

"அப்பவே ஏன் வாயத் தொறக்கல?"

"நான் அளந்தது தப்பா இருக்கும்னு நெனச்சேன்யா. உங்க கயிறு எப்படித் தப்பா இருக்கும்?"

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இரண்டு மாசம் டிரெய்னிங்குக்கு வந்த பெண், பத்துப் பேர் எதிரில். அடுத்து வந்தது வேறு. அந்த வாரம் முழுக்கவே கயிறு கையில் மெலிசாக இருப்பதுபோல் எனக்கும் தோன்றிக்கொண்டுதான் இருந்தது. கை சொல்லியிருக்கிறது. நான் கேட்கவில்லை.

"டேப்பக் கொண்டா" என்றேன்.

ஒரு பையன் ஓடிப்போய் ஆபீசிலிருந்து நல்ல டேப்பாகக் கொண்டுவந்தான். குண்டை அதில் கட்டி விட்டோம். பதினாலே முக்கால் காட்டியது. குண்டு உட்கார்ந்ததும் கல் தட்டவில்லை, லேசாக அமுங்கியது. மேலே அரை மீட்டர் சேறும் கலந்து கிடக்கிறது என்று அர்த்தம். ஒரு துண்டை அறுத்திருந்தால் நல்ல காங்கிரீட்டுக்குள் குழாய் ஒரு மீட்டர்தான் இருந்திருக்கும். காங்கிரீட் இறங்குவதற்காகக் குழாயை இரண்டடி தூக்கித் தூக்கி இறக்குவோம். அந்த இரண்டடியில், சிவசிவா.

"அறுக்காத! குமாரு, குழாயை அரையடி தூக்கு, அரையடி இறக்கு. அதுக்கு மேல ஒரு விரல் போச்சு, உன்ன உள்ள போட்டு மூடிடுவேன்."

குமார் சிரிப்பை நிறுத்தினான். வாய்தான் அவனுக்கு நீளம். விஞ்சுப் பிடியில் கை வைத்தால் குழந்தையைத் தொட்டிலில் ஆட்டுகிற மாதிரி ஆட்டுவான். அரையடி மேலே, அரையடி கீழே. குழாய் இறுகாமல் உயிரோடு இருந்தது. நாற்பது நிமிஷம் அப்படியே ஆட்டினான். பவித்ரா டேப்பும் குண்டுமாகத் துளை ஓரத்தில் குந்திக்கொண்டே இருந்தாள். கேட்டுக்கு வெளியே லாரியின் ஹாரன் கேட்டது. வெளிச்சம் இருக்கும்போதே பைலை முடித்தோம்.

கை கழுவிக்கொண்டே குமார் சொன்னான், "தப்பிச்சோம் மாமு."

தப்பிக்கவில்லை. இதே கயிற்றில் போட்ட பதினொரு பைல் பூமிக்குள் கிடந்தன. அது அங்கே இரண்டு பேருக்குத்தான் உறைத்தது. பவித்ரா தன் நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் எங்கே பார்க்கிறேன் என்று குமார் கவனித்துவிட்டான். கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான். "மூடிகினு இரு மாமு. ரெண்டு மாசத்துல மாலை போட்டு வூட்டுக்கு அனுப்பப்போறாங்க. எல்லாம் நல்லாத்தான் இருக்கும். நீ ஏன் பேஜாரு இழுத்துக்கிற?"

அவன் கெட்டவன் இல்லை. என்மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னான். நானும் ஒரு பீடி முடிகிற நேரம் யோசித்தேன். என் கையில் ஒரு பைல்கூடத் தள்ளுபடி ஆனதில்லை என்கிற பேச்சு இனிமேல் இருக்குமா போகுமா என்றுதான் யோசித்தேன், மறைக்கவில்லை. வாயை மூடிக்கொண்டால் பேச்சு இருக்கும். ஆனால் அதைச் சொல்லும்போதெல்லாம் இந்தப் பதினொன்றும் என் தொண்டையில் நிற்கும். அதன்மேல் கிடங்கு வரும். கிடங்குக்குள் ஆட்கள் மூட்டை தூக்குவார்கள், ஒருகாலத்தில் நான் தூக்கின மாதிரி.

கயிற்றைச் சுருட்டிக்கொண்டு பாண்டியன் சார் உட்கார்ந்திருந்த கண்டெய்னர் ஆபீசுக்குள் போனேன். மேஜைமேல் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். தொங்கவிடாமல் அளவு போட்டதையும் சொன்னேன்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். கைக்குட்டையால் அதன் உட்புறத்தைத் துடைத்தார். நிதானமாக, ஒரு சுற்று. பிறகு கேட்டார்:

"எந்தெந்த பைல் சார்?"

அந்த வார்த்தை. இத்தனை வருஷத்தில் எவன் அடித்த அடியும் எனக்கு அப்படி வலித்ததில்லை.

எனக்கு வேகமாக எழுத வராது. பவித்ராவைக் கூப்பிட்டார்கள். அவள் நோட்டில் பதினொரு பைலும் லாரி லாரியாக இருந்தது. கயிறு சொன்ன ஒவ்வொரு அளவையும் திருத்தி எழுதி, ஒவ்வொரு தடவையும் குழாய் உண்மையில் எவ்வளவு உள்ளே இருந்தது என்று கணக்குப் போட்டாள். சார் பக்கத்திலேயே உட்கார்ந்து சரிபார்த்தார். ஒன்பது பைலுக்குப் பயமில்லை. அன்றெல்லாம் லாரி நேரத்துக்கு வந்திருந்தது. நானும் அவசரப்படாமல் ஒரு துண்டைக் கூடுதலாகவே உள்ளே விட்டு வைத்திருந்தேன். என் பழைய மேஸ்திரி பழக்கிய பழக்கம் அது. இரண்டு பைல் மட்டும் விளிம்பில் நின்றது.

"பன்னெண்டையும் டெஸ்ட் பண்ணுவோம். அதுவரைக்கும் புது பைல் கிடையாது. நீங்க வந்து சொன்னீங்க சார், அது சரி. மத்தது அப்புறம்" என்றார்.

கடைசி பைல் இறுக வேண்டும், தலையை வெட்டிச் சமமாக்க வேண்டும். பதினைந்து நாள் ஆயிற்று. அந்தப் பதினைந்து நாளும் காலையில் அவர் எனக்கு "வணக்கம் சார்" சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். துளை போடுகிற ரிக்கு ஓடாமல் நின்றது, அதன் நிழலில் போய் உட்கார்ந்துகொள்வேன். வீட்டில் என் சம்சாரம் வஞ்சிரம் குழம்பு வைத்தாள். வாயில் வைத்தால் களிமண் மாதிரி இருந்தது. சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு புதுக் கயிற்றை வாங்கி, தொட்டியில் ஊறவைத்து, கல் கட்டி ரிக்கிலேயே தொங்கவிட்டேன். நாலு நாளைக்குப் பதில் எட்டு நாள் தொங்கியது. போகிறவன் வருகிறவனெல்லாம் பார்த்தான். பார்க்கட்டும் என்று விட்டேன். எட்டாம் நாள் மாணவர்கள் நாலு பேருமே நூல் சுற்றி அளவு போட்டார்கள். அந்தோணியைப் பற்றியும் அன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

டெஸ்ட்டுக்கு வந்தவன் சின்ன வயசுக்காரன். கையில் ஒரு குட்டிச் சுத்தியல். பைல் தலையில் மெழுகு வைத்து ஏதோ ஒன்றை ஒட்டினான். பக்கத்தில் டொக் என்று தட்டினான். கம்ப்யூட்டரில் ஒரு கோடு ஓடியது.

"இன்னாப்பா சொல்லுது?"

"நான் ஒண்ணும் சொல்லக்கூடாதுங்க. ரிப்போர்ட்ல வரும்."

"தட்டுறது என் பைலு. எனக்குச் சொல்லமாட்டியா?"

அவன் சிரித்துவிட்டு அடுத்த பைலுக்கு நகர்ந்தான். பவித்ரா என் தோள் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள்: "அந்தச் சத்தம் அடிவரைக்கும் போய்த் திரும்பி வருதுய்யா. நடுவுல சேறு இருந்தா அங்கியே கோடு வளையும்." அதற்கப்புறம் நான் சுத்தியலைப் பார்க்கவில்லை, கோட்டை மட்டும் பார்த்தேன். விளிம்பில் நின்ற இரண்டையும் கடைசியில் தட்டினான். என் கண்ணுக்குக் கோடு வளைந்த மாதிரியும் இருந்தது, வளையாத மாதிரியும் இருந்தது. பவித்ராவிடம் கேட்கத் தைரியம் வரவில்லை.

ரிப்போர்ட் மூன்றாம் நாள் வந்தது. கண்டெய்னர் ஆபீஸ் கதவைத் திறந்துகொண்டு பாண்டியன் சார் படியில் வந்து நின்றார். தலையில் ஹெல்மெட் இல்லை. கையில் காகிதம்.

"அண்ணாச்சி! பன்னெண்டும் சுத்தம்!"

பன்னெண்டும் சுத்தம் என்பது எனக்கு அப்புறம்தான் காதில் விழுந்தது. முதல் வார்த்தையிலேயே பக்கத்திலிருந்த டிரம்மின்மேல் உட்கார்ந்துவிட்டேன். அதே சேற்று டிரம். மூடி சரியாக மூடவில்லை. பேன்ட்டெல்லாம் சேறு.

"இன்னா மாமு, குந்திக்கின? அடுத்த பைலு காத்துகினு கீது!" குமார் விஞ்சு மேலேயிருந்து கத்தினான். அவன் குரலும் கொஞ்சம் உடைந்துதான் இருந்தது. நைனா, நைனா என்று என்னைத் தூக்கிவிட இரண்டு பேர் ஓடிவந்தார்கள்.

ஆகவே இன்றைக்கும் சொல்கிறேன், என் கையில் ஒரு பைல்கூடத் தள்ளுபடி ஆனதில்லை. படியிறங்கும்போது கேட்ட தம்பிக்கு மீதியையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். சைட்டில் என்னை மாதிரி ஒரு ஆள் மாரைத் தட்டிக்கொண்டு நிற்பான். அவன் கயிற்றையும் அளந்து பார். அளந்ததைப் பையில் வைத்துக்கொண்டு மத்தியானம் வரைக்கும் காத்திராதே.

அன்று அடுத்த பைலுக்குக் குண்டையும் புதுக் கயிற்றையும் பவித்ராவிடம் நீட்டினேன், "நீ வுடு" என்று. எட்டு நாள் தொங்கின கயிறு. அவளே நூல் சுற்றின கயிறு. அப்படியும் அவள் அதைத் துளைக்குள் விடவில்லை. கீழே நீட்டிப் போட்டு, டேப்பை எடுத்து, ஒரு முனையை என்னிடம் கொடுத்தாள்.

"புடிங்கய்யா."

குனிந்து பிடித்துக்கொண்டேன்.